கரண்டுக்கு எள்ளு வாசம்

அத்தியாயம் ஐந்து

"கரண்டு தீப்பிடிச்சா எள்ளு வாசம் அடிக்குமுங்களா?"

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக இருபத்திரண்டு வருடமாகத் துப்பறிந்து வரும் பூபதியிடம் இதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டது எட்டு வயதுப் பெண். பெயர் யுவஸ்ரீ. காரை விட்டு இறங்கிய பூபதி நெற்றித் திருநீற்றைச் சரிசெய்துகொள்வதற்குள் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டாள்.

"சார், கேஸ் முடிஞ்சுதுன்னு நினைக்கிறேன்," என்றாள் உதவியாளர் சரிதா, கார்ச் சாவியைச் சுழற்றியபடி. "திரும்பிடலாமா? மல்லசமுத்திரத்துல ஒரு கடையில பரோட்டா நல்லா இருக்குமாம்."

"கேள்வி வந்திருக்கு. கேஸ் இப்பத்தான் ஆரம்பிக்குது," என்றார் பூபதி.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை, ஆடி முதல் நாள், சாயங்காலம் ஆறு மணிவாக்கில் யுவஸ்ரீயின் அப்பா கந்தப்பனின் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் தீப்பிடித்தது. ஆடிக் காற்று அதைச் சமையலறைக்குள் தள்ளிவிட்டது. ஆட்களுக்குச் சேதமில்லை. சமையலறையும் அதை ஒட்டிய அறையும் கரியாகிவிட்டன. வீட்டுக்கடன் வாங்கியபோது எடுத்த பாலிசி இருந்தது. இதில் துப்பறிய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இழப்பீட்டு விண்ணப்பம் வருவதற்கு முன்பே ஏஜெண்டு கம்பெனிக்கு ஒரே நாளில் மூன்று முறை போன் செய்து, "ஷார்ட் சர்க்யூட்டுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லியிருந்தார். கம்பெனியில் யாரும் அவரிடம் காரணம் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு மூன்று தடவை பதில் வந்ததால் பூபதியை அனுப்பியிருந்தார்கள்.

அந்த ஏஜெண்டு செங்கோடன் வாசலிலேயே வரவேற்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தலையில் கைக்குட்டை போட்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க. பாலிசிங்கறது என்னன்னா..." வலது கையை நீட்டி, கட்டைவிரலால் காற்றில் எதையோ அழுத்தினார். அழுத்திவிட்டு, வெறும் கையைப் பார்த்து, பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். "மழை வந்த பொறகு விரிச்சா அது குடைங்க. மழைக்கு முன்னாலயே விரிச்சா அது பாலிசிங்க."

"நல்லா இருக்கு," என்றாள் சரிதா. "ஆனா நனைஞ்சுக்கிட்டே சொல்றீங்களே."

"எங்க அண்ணன்தானுங்க," என்றாள் வீட்டுக்காரி மைதிலி, மோர் டம்ளர்களுடன் வந்தபடி. "தங்கச்சின்னு கூடப் பாக்காம, எனக்கே குடையை விரிச்சு விரிச்சுக் காட்டித்தான் பாலிசியைத் தலையில கட்டுனாரு. இப்ப அதுதான் கை குடுக்குது."

அருகில் மைதிலியின் புருஷன் கந்தப்பன் நின்றிருந்தார். போர்வெல் ரிக் ஓட்டுகிறவர். வருடத்தில் பத்து மாதம் மத்தியப் பிரதேசத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில்தான் ஊர் வருவார். நெடிய மனிதர். மகள் ஒளிந்திருந்த தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் விண்ணப்பம் இருந்தது. 'தீக்கான காரணம்' என்ற இடத்தில் செங்கோடனின் அழகான கையெழுத்தில் 'மின்கசிவு' என்று எழுதியிருந்தது. கீழே கந்தப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"இன்னும் போடலீங்களா?" என்று கேட்டார் பூபதி.

"போடணுமுங்க," என்றார் கந்தப்பன். பேனாவை எடுத்தார். மறுபடி வைத்தார்.

பூபதி மோரைக் குடித்து முடித்தார். அவருடைய துப்பறிதல் பெரும்பாலும் டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் தொடங்கும்.

"அம்மா, ஆடி ஒண்ணுக்கு உங்க ஊர்ல தேங்காய் சுடுவீங்கதானே?"

"ஆமாங்க. எங்க ஊர்ல அன்னைக்குத் தேங்காய் சுடாத ஊடே இல்லீங்க. கண்ணைத் தொறந்து, உள்ள எள்ளு, வெல்லம், பாசிப்பருப்பு, அவல் எல்லாம் போட்டு, குச்சியைச் சொருகி நெருப்புல வாட்டுவோம். ஓடு வெடிச்சதும் புள்ளாருக்குக் கொண்டுபோவோம். இந்தத் தெருப் புள்ளைங்க எல்லாம் முக்குல ஒண்ணாத்தான் சுட்டாங்க."

"எள்ளையும் பருப்பையும் மிக்ஸியில பொடிச்சீங்களா?"

"மிக்ஸி எங்கீங்க ஓடுச்சு? பராமரிப்புன்னு காலையில ஒம்பது மணிக்கு நிறுத்துன கரண்டு. அஞ்சு மணிக்கு வரணும். காத்துல கம்பி மேல மரம் சாஞ்சு, எட்டு மணிக்குத்தான் வந்துச்சு. உரல்ல போட்டு இடிச்சேன், கையெல்லாம்..."

மைதிலி அங்கேயே நின்றுவிட்டாள். அவள் அண்ணன் கூரையைப் பார்த்தார். புருஷன் தரையைப் பார்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் மோர்ச் சொம்பைப் பார்த்தாள்.

"ஆக," என்றாள் சரிதா, "காலையில ஒம்பதுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் ஊர்லயே இல்லாத கரண்டு, ஆறு மணிக்கு இந்தக் கொட்டகைக்கு மட்டும் விருந்தாட வந்திருக்கு. வந்து கசிஞ்சுட்டும் போயிருக்கு."

"பழைய கரண்டு கம்பியில மிச்சம் இருக்குமுங்களே," என்றார் செங்கோடன். சொன்ன பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை.

பூபதி சிரிக்கவில்லை. கந்தப்பனின் தோளைத் தொட்டு, கரிந்த கொட்டகைப் பக்கம் தனியாக அழைத்துப் போனார்.

"பேனாவை ஏன் கீழ வெச்சீங்க?"

கந்தப்பன் கரியைக் காலால் தள்ளினார். "தீயை அணைச்ச பொறகு உள்ள வந்தேனுங்க. வெந்த தேங்காய் ஒண்ணு கெடந்துச்சு. அதை எடுத்து வேலிக்கு அந்தண்டை எறிஞ்சுட்டேன். பாப்பாவோடதுங்க. சுட்ட தேங்காயை இன்னொருக்கா சுடோணும்னு போன வருசம் அடம்புடிச்சாளாம், மைதிலி போன்ல சொன்னா. மச்சான் வந்து ஷார்ட் சர்க்யூட்டுன்னாரு. சரின்னுட்டேன். நாமளே வெச்ச தீக்குப் பணம் வராதுன்னு எங்க ரிக்குல எல்லாரும் சொல்லுவாங்க."

"அந்த எல்லாரும் பாலிசியைப் படிச்சிருக்காங்களா?"

"படிக்கிறதுக்குங்களா அது?"

பூபதி பையிலிருந்து முப்பத்தாறு பக்கப் பாலிசியை எடுத்தார். ஓரங்களில் திருநீறு ஒட்டியிருந்தது. காலையில் தேவாரம் படித்து முடித்ததும் இதைப் படிப்பது அவர் வழக்கம். பாலிசியை எழுதியவனே இத்தனை தடவை படித்திருக்க மாட்டான் என்பது சரிதாவின் கட்சி.

"வேணும்னே வெச்ச தீக்குத்தாங்க பணம் இல்லை. அடுப்பை மறந்தா உண்டு. விளக்கு சாஞ்சா உண்டு. குழந்தை தெரியாம வெச்சுட்டாலும் உண்டு. மனுஷன் மறப்பான், கை தவறுவான்னு தெரிஞ்சுதான் இதை எழுதியிருக்காங்க. ஆனா பதினேழாம் பக்கம் பாருங்க. பொய்யான காரணம் சொல்லிக் கையெழுத்துப் போட்டா, எல்லா உரிமையும் போயிரும். ஒரு கூரை ஓட்டுக்குக்கூட மிஞ்சாது."

கந்தப்பன் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "அப்படீன்னா பணமே வேண்டாமுங்க. அடுத்த மழைக்குள்ள எப்படியாவது நானே கூரையைப் போட்டுக்கறேன். பாப்பா பேரை அந்தக் காயிதத்துல எழுத மாட்டேன். நாளைக்கு அவ பெரியவளாகி, ஊட்டைக் கொளுத்துனது நாந்தான்னு எழுத்துல படிக்கோணுமா?"

"அவகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா அழுவாளுங்க."

"கேக்காம இருக்கீங்களே, மூணு நாளா உங்ககூடப் பேசுறாளா?"

அத்தனை பூமியைத் துளைத்த மனிதருக்கு அந்தக் கேள்வி உள்ளே இறங்கிவிட்டது.

பூபதி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், வேட்டியைச் சுருட்டிக்கொண்டு யுவஸ்ரீக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"சாமி, நீ கேட்டியே ஒரு கேள்வி. கரண்டுக்கு எள்ளு வாசம் வராது. நீ நினைச்சதுதான் சரி."

அவள் முகம் வாடியது. "அப்ப என்ற தேங்காதானுங்க."

"உன் தேங்காய் எங்கே போச்சு?"

"புள்ளாருக்கு ஒடைச்சாச்சுங்க. எல்லாரும் தின்னுட்டோம்."

"குச்சி?"

"புள்ளாருக்குப் பின்னால மணல்ல குத்திட்டேன். எல்லாரும் அங்கதான் குத்துவாங்க."

"அப்புறம் எப்படி அது உன்னோடதாகும்?"

"அப்பா அம்மாகிட்டச் சொன்னாங்க, நான் தூங்குறேன்னு நினைச்சுட்டு. பாப்பா தேங்காதான், அவகிட்டக் கேக்காதேன்னு." அவள் பாவாடை ஓரத்தை முறுக்கினாள். "அப்பா பொய் சொல்ல மாட்டாங்க. அதான், நாந்தான் மறந்துட்டனோன்னு யோசிச்சுப் பாக்கறேனுங்க. யோசிச்சா கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வர்ற மாதிரியே இருக்குது."

சரிதாவிடம் அந்த நேரம் ஒரு நக்கலும் இருக்கவில்லை. "வா அம்மிணி," என்றாள். "உங்க புள்ளாரை ஒரு எட்டு விசாரிச்சுட்டு வந்துடலாம்."

மூன்று தெரு கூடும் முக்கில் கதவில்லாத சிறிய அறையில் இருந்தார் பிள்ளையார். பின்னால் மணற்குவியல். அதில் மஞ்சள் பூசிய குச்சிகள், நுனி கருகி, வரிசையில்லாமல் நின்றன. சரிதா எண்ணினாள். பதினொன்று.

"எத்தனை பேர் சுட்டீங்க?"

"பதினோரு பேருங்க. இதுதான் என்ற குச்சி." யுவஸ்ரீ ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். அடிப்பக்கத்தில் மினுமினுக்கும் ரோஸ் நிறத்தில் மூன்று வளையங்கள். "நெயில் பாலிஷுங்க. மத்தவங்க குச்சியோட மாறிடக் கூடாதுன்னு வெச்சேன்."

"நெயில் பாலிஷ்தானா, பெயிண்டா?" என்று சரிதா நகத்தால் சுரண்டினாள். மூன்றாவது வளையம் முழுசாக உரிந்து வந்துவிட்டது.

மூவரும் அதைப் பார்த்தார்கள். பிள்ளையாரும் பார்த்திருப்பார்.

"ஆதாரத்தைச் சுரண்டிட்டியேம்மா," என்றார் பூபதி.

"நெயில் பாலிஷ்தான் சார். உறுதியாயிருச்சு," என்றாள் சரிதா மெதுவாக.

"பரவால்லீங்க," என்றாள் யுவஸ்ரீ. உதடு மட்டும் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

பூபதி குச்சியைப் பிடுங்கி, பிள்ளையாரைப் பார்த்துக் கைகூப்பினார். "ஒரு மணி நேரத்துக்குக் கடனா எடுத்துக்கறேன். கொடுத்த மாதிரியே திருப்பித் தர்றேன்."

"ரசீது கேட்டா என்ன சார் பண்ணுவீங்க?" என்றாள் சரிதா. பழைய குரல் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது பூபதி விரல்களை மடக்கினார். "குழந்தைங்க பதினொண்ணு. அவங்க தேங்காய் பதினொண்ணும் புள்ளாருக்குப் போயாச்சு. குச்சி பதினொண்ணும் மணல்ல நிக்குது. கொட்டகையில வெந்தது பன்னிரண்டாவது தேங்காய். அதுக்குக் குச்சி எங்கே?"

"எரிஞ்சிருக்கும்."

"எரிஞ்சிருக்கலாம். எரியாத குச்சியா இருந்தா?"

கொட்டகையில் சரிந்து கிடந்த தகரங்களை சரிதா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கந்தப்பனின் ரிக் சாமான்கள் இரண்டு மூன்று இருந்தன. மூன்றாவது தகரத்துக்கு அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு கம்பி. உள்ளே வெற்றாக இருந்த குழாய்க் கம்பி. ஒரு நுனியில் கருப்பாக ஏதோ கெட்டியாக ஒட்டியிருந்தது. அவள் மூக்கருகே கொண்டுபோனாள்.

"வெல்லம் சார். கருகுன வெல்லம். அதுல பாருங்க, எள்ளு, ஒண்ணு, ரெண்டு, நாலு. இது ஆதாரமா, கடலைமிட்டாயா? கொஞ்சம் பசிக்குது."

பூபதி கம்பியை வாங்கித் துடைத்தார். மறுநுனிக்குச் சற்று மேலே சிறிய பொத்தான் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒரு வருத்தம் வந்து போனது. கண்டுபிடிக்கும் நேரங்களில் அவருக்கு சந்தோஷத்தைவிட அதுதான் முதலில் வரும்.

உள்ளே வந்தார். எல்லாரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். மூன்று வளையமாக இருந்து இப்போது இரண்டு வளையமாகிவிட்ட குச்சியை முதலில் கந்தப்பன் கையில் கொடுத்தார்.

"உங்க பொண்ணோட குச்சி. கோயில்ல இருந்துச்சு. தேங்காயும் கோயிலுக்குத்தான் போச்சு. அவ கொட்டகைப் பக்கமே போகலை."

கந்தப்பன் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரிதா அடுத்து என்ன சொல்ல வாயெடுத்தாளோ, பூபதி கண்ணால் தடுத்துவிட்டார். கம்பியை விண்ணப்பத்தின்மேல் வைத்தார். யாரையும் பார்க்காமல், கட்டைவிரலால் அந்தப் பொத்தானை அழுத்தினார். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அது இறங்கியது.

டிக்.

செங்கோடனின் கட்டைவிரல் பாக்கெட்டுக்குள்ளேயே துள்ளியது. சட்டைத் துணியில் அது தெரிந்தது. பூபதி ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் பல்லி ஒன்று இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகும் வரை காத்திருந்தார்.

"என்ற குடைங்க," என்றார் செங்கோடன்.

"அண்ணா," என்றாள் மைதிலி.

"ராசிபுரத்துல இருந்து கெளம்பறப்பவே நேரமாயிருச்சு. வையப்பமலைகிட்டத் தூறல்னு வண்டியை நிறுத்திக் குடையை விரிச்சேன். அடிச்ச காத்துல துணி கிழிஞ்சு, தாமரைப்பூ மாதிரி மேல விரிஞ்சுருச்சுங்க. இங்க வந்தா புள்ளைங்க எல்லாம் சுட்டு முடிச்சுட்டாங்க. கடையில குச்சியும் வித்துப்போச்சு. தங்கச்சி கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து ஒரு ஆடி ஒண்ணும் நான் இங்க தேங்காய் சுடாம இருந்ததில்லீங்க. ஒடைஞ்ச குடையில கம்பியை உருவிச் சொருகி, பின்னால யாரும் இல்லாதப்ப, காத்துப் படாம கொட்டகையில நெருப்பு மூட்டுனேன். அப்பத்தான் போன் வந்துச்சு. உள்ள சிக்னல் இல்லை. தெருவுக்குப் போனேன்."

"போன்ல யாருங்க?" என்று கேட்டாள் சரிதா.

செங்கோடன் தொண்டையைக் கனைத்தார். "தம்மம்பட்டிப் பார்ட்டிங்க. ஊட்டுல தீப்பிடிச்சா பாலிசியில என்னென்ன கிடைக்கும்னு கேட்டாரு. இருபது நிமிசம் விளக்கமாச் சொன்னேன்."

"நீங்க தெருவுல தியரி எடுத்திருக்கீங்க. பின்னாடி பிராக்டிகல் நடந்திருக்கு."

"அவரு பாலிசி எடுத்தாருங்களா?" என்றார் பூபதி, அடக்கமுடியாமல்.

"எடுத்துட்டாருங்க," என்றார் செங்கோடன் ஈனக்குரலில். பிறகு கந்தப்பனின் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, கொளுத்துனதே ஏஜெண்டுன்னா கம்பெனிக்காரன் ஏதோ சதின்னுதான் நினைப்பான், பத்துப் பைசா தர மாட்டான்னு பயந்துட்டேன். ஷார்ட் சர்க்யூட்டுன்னு சொன்னதும் நீங்க மறுபேச்சில்லாம சரின்னீங்களா, அதுவே எனக்குக் கடவுள் குடுத்த மாதிரி இருந்துச்சு. நீங்க பாப்பாவை நினைச்சுத்தான் சரின்னீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது." அவர் எழுந்து போய்ப் பெண் முன்னால் மண்டியிட்டார். "கண்ணு, அது மாமன் தேங்காய். நீ ஒண்ணும் பண்ணலை."

யுவஸ்ரீ அவரை நன்றாகப் பார்த்தாள்.

"வெந்துச்சுங்களா மாமா?"

முதலில் சிரித்தது கந்தப்பன்தான். அவருடைய சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்ததால் யுவஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் நேராக நடந்து போய் அப்பாவின் முழங்கால்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, குச்சியைக் காட்டி, "இதுல மூணு வளையம் இருந்துச்சுங்கப்பா," என்று சொல்லத் தொடங்கினாள். மூன்று நாள் பேச்சு பாக்கி இருந்தது. கொட்டத் தொடங்கியது.

"சார், ஏஜென்சி போயிருமுங்களா?" என்று செங்கோடன் கேட்டார்.

"பொய்யில கையெழுத்து விழுந்து ஆபீசுக்கு வந்திருந்தா போயிருக்கும். அதுகூடவே பணமும் போயிருக்கும். போன்ல சொன்னது பயத்துல சொன்னதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கேக்காமலே முன்வந்து சொன்னார்னு நான் என் அறிக்கையில எழுதறேன். அது உண்மைதானே?"

உண்மைதான் என்று சரிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. செங்கோடன் ஒப்புக்கொள்ளும் வரை பூபதி அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

புது விண்ணப்பத்தைக் கந்தப்பனே எழுதினார். ஆடி ஒன்று அன்று உறவினர் தேங்காய் சுட்டபோது தவறுதலாகப் பிடித்த தீ. அதில் எந்தக் குழந்தையின் பெயரும் இல்லை. கையெழுத்தைத் தயங்காமல் போட்டார்.

"சமையலறை, சுவர், பீரோ, வயரிங், ஊட்டுச் சாமான் எல்லாத்துக்கும் பாலிசியில இடமிருக்கு. கொட்டகையும் ஊட்டோட சேர்ந்ததுன்னு அட்டவணையில போட்டிருக்கு," என்றார் பூபதி. "ரிக் சாமானுக்குக் கிடையாது. அது தொழில் சாமான். தொகையைக் கம்பெனி சர்வேயர் வந்து முடிவு பண்ணுவாரு."

"குடைக்குங்க?" என்றார் செங்கோடன்.

"குடைக்குப் பாலிசி எடுக்கலையே நீங்க," என்றாள் சரிதா.

புறப்படும்போது பூபதி குச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா. தெரு முக்கில் காரை நிறுத்தச் சொன்னார்.

"சரிதா, அந்தப் பரோட்டாக் கடை திறந்திருக்கான்னு போன்ல கேளு. கேட்டுட்டு வண்டியைத் திருப்பி வை. நான் சாமி கும்பிட்டுட்டு வாரேன்."

பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் இருந்தது. ஐம்பத்தைந்து வயதில், நெற்றி நிறையத் திருநீற்றோடு, பூபதி அதற்குள் நுழைந்தார். வெளியே வரும்போது சட்டைப் பாக்கெட்டில் சிறிய பாட்டில் ஒன்று இருந்தது. நிறத்தைச் சரிபார்க்கக் குச்சியைக் கடைக்காரப் பெண்ணிடம் காட்டவில்லை. நினைவிலிருந்தே சொல்லி வாங்கினார்.

பிள்ளையார் அறையில் யாரும் இல்லை. கோழி ஒன்று மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. பூபதி அதைத் தள்ளிப்போகச் சொன்னார். தரையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உரிந்துபோன இடத்தில் மெல்ல வளையத்தைப் போட்டார். முதல் சுற்று கோணலாகப் போனது. துடைத்துவிட்டு மறுபடி போட்டார். காயும் வரை ஊதினார். மினுமினுப்பு ஒட்டியதும், முன்பு நின்ற அதே குழியில் குச்சியைக் குத்தி, மணலை அணைத்துவிட்டார்.

"வெச்சுட்டேன்," என்றார் பிள்ளையாரிடம். வேறு ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். சீட் பெல்ட்டை இழுத்தபோது அவருடைய வலது கட்டைவிரல் நகம் ரோஸ் நிறத்தில் மினுங்கியது. சரிதா அதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு காரின் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு, பரோட்டாக் கடை திறந்திருக்கிறதாம் என்று மட்டும் சொல்லி, வண்டியை எடுத்தாள்.